வீட்டுக் கணக்கும் இலக்கியமும்

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை கொள்ளுப்பிட்டியிலே நண்பர் ஒருவரின் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையொன்றில், தொடர்மாடிக் கட்டடத்தின் ஆறாவது தளத்தில் அவர் குடும்பம் வாழ்கின்றது. சாளரத்தைத் திறந்தால் கரையோரப் புகையிரதத்தின் இரைச்சலும் கடலின் இரைச்சலும் மாறி மாறி வரும். நண்பர் அலுவலாக வெளியே போயிருந்தார். அவருடைய தாயாரும் துணைவியாரும் எம்மை வரவேற்று, தேநீரும் உழுந்து வடையும் தந்து உபசரித்தனர்.

பேச்சு எங்கெங்கோ சென்று, இப்பகுதியில் நாம் எழுதிவரும் விடயங்களுக்கு வந்தது. அப்போது நண்பரின் துணைவியார் சற்றுத் தயங்கி, அடுக்களைப் பக்கம் சென்று ஒரு கொப்பியை எடுத்து வந்தார். அதன் முன்பக்கங்களில் பாற்கணக்கு, மரக்கறிக் கணக்கு, பிள்ளையின் வகுப்புக் கட்டணம். கொப்பியைத் தலைகீழாகப் பிடித்துப் பின்னட்டையிலிருந்து திருப்பினால் கவிதைகள்!

"ஐயா, சிரிக்கக் கூடாது. எங்கட வீட்டில நடக்கிறதைத்தான் எழுதியிருக்கிறன். இதெல்லாம் இலக்கியமாகுமோ?" என்றார்.

நாம் வாய் திறப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டார். "இஞ்ச என்ன பிள்ளை நடக்குது எழுதுறதுக்கு? விடியுது, சமைக்கிறம், சாப்பிடுறம், படுக்கிறம்."

மருமகளின் வினாவிலும் மாமியாரின் விடையிலும் தமிழ் இலக்கியத்தின் நெடுநாள் வழக்கொன்று அடங்கிக் கிடப்பதாக எமக்குத் தோன்றிற்று. அவ்வழக்கை நேயர்களின் முன்னிலையில் ஒருமுறை விசாரித்துப் பார்ப்பதே இவ்வாரம் எம் நோக்கம்.

இன்று வெளிவரும் கவிதைகளையும் சிறுகதைகளையும் புரட்டிப் பாருங்கள். பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் பெண், வீட்டு வாடகை கட்ட வழியறியாத குடும்பத் தலைவர், வெளிநாட்டிலிருக்கும் மகனின் தொலைபேசி அழைப்புக்காக உறங்காதிருக்கும் தாய் ஆகியோரே அவற்றின் மாந்தர். மன்னருமில்லை, மாவீரருமில்லை. இதைக் கண்டு முகஞ் சுளிப்போர் உளர். "இவற்றைச் சொல்லக் கவிஞன் எதற்கு? அடுத்த வீட்டுக்காரர் போதாதா?" என்று அவர் கேட்பர். சாதாரண வாழ்வை எழுதுவது மேல்நாட்டாரைப் பார்த்து நாம் கற்றுக்கொண்ட புதுப் பழக்கம் என்ற எண்ணமும் பலரிடம் உண்டு.

இந்த எண்ணம் தவறு என்பதற்குச் சங்கப் பாடலொன்றே சான்று. குறுந்தொகையின் 167 ஆம் பாட்டு, கூடலூர் கிழார் பாடியது. அதில் நிகழ்வது யாது? புதிதாக மணம்புரிந்த பெண்ணொருத்தி சமைக்கிறாள். கட்டித் தயிரைப் பிசைந்த விரலைக் கழுவவும் நேரமின்றித் தான் உடுத்த துணியிலேயே துடைத்துக்கொள்கிறாள். தாளிப்பின் புகை கண்களிற் புகுகின்றது. தன் கையாலேயே துழாவி ஆக்கிய புளிக்குழம்பைக் கணவனுக்குப் படைக்கிறாள். அவன் உண்டு, நன்று என்கிறான். அவள் முகத்திலே மிக நுண்ணியதொரு மகிழ்ச்சி தோன்றி மறைகின்றது. மகளின் புது மனையைப் பார்த்துவந்த செவிலித்தாய் பெற்ற தாயிடம் கூறும் செய்தி இவ்வளவே.

மாமியாரின் வாய்மொழிப்படி கூறுவதாயின், "சமைக்கிறம், சாப்பிடுறம்" என்பதற்கு மேல் அங்கே ஒன்றும் நடக்கவில்லை. ஆயினும் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளாக அந்தக் குழம்பின் மணம் ஆறவில்லை. காரணம் என்ன? மகள் நலமாயிருக்கிறாள் என்று செவிலி வாளா சொல்லிவிடவில்லை. துடைத்த விரலையும் புகை புகுந்த கண்ணையும் காட்டினாள். கேட்ட தாயின் மனம் அமைதியடைந்திருக்கும். பட்டுச் சேலையையும் பொன் நகையையும் வருணித்திருந்தால் அந்த அமைதி வந்திராது.

இன்னொன்றையும் ஈண்டு நினைக்க வேண்டும். அகப்பாட்டில் வரும் தலைவன் தலைவியரின் இயற்பெயரைச் சுட்டுதல் ஆகாது என்பது தொல்காப்பியம் காட்டும் மரபு. பெயர் பெற்ற ஒருவரின் கதையாக அது குறுகிவிடாமல் யாருடைய கதையாகவும் விரிய வேண்டும் என்ற கருத்தை அவ்விதியிலே காண்கிறோம். பெயரில்லாத மனிதரைப் பாடுவதற்கே நம் முன்னோர் தனியொரு திணைமுறை வகுத்தனர் என்றால், சாதாரண வாழ்வை எழுதுவது நமக்கு எவ்வாறு புதிதாகும்?

இடைக்காலத்தில் காவியமும் புராணமும் பிரபந்தமும் ஓங்கின. புலவர்கள் வள்ளல்களையும் தெய்வங்களையும் பாடினர். அவற்றின் பெருமையை நாம் குறைத்துரைக்க வரவில்லை. எனினும் அடுக்களை அங்கே அரிதாகவே எட்டிப் பார்த்தது. பாரதியார் 1912 ஆம் ஆண்டில் வெளியிட்ட பாஞ்சாலி சபதத்தின் முன்னுரையில், எளிய சொல்லும் எளிய நடையும் கொண்டு பொதுமக்கள் விரும்பும் வகையிற் காவியம் செய்வோனே தாய்மொழிக்குப் புத்துயிர் தருவான் என்ற கருத்தை வலியுறுத்தினார். மொழி இறங்கி வந்தது. மொழி இறங்கி வந்த வழியே மனிதரும் ஒவ்வொருவராக உள்ளே வந்தனர்.

நம் ஈழநாட்டின் கதைக்கு வருவோம். இங்கே 1930 களில் சிறுகதைக்குக் கால்கோள் செய்தவர்களாக இலங்கையர்கோன், சி. வைத்தியலிங்கம், சம்பந்தன் ஆகிய மூவரையும் போற்றுகிறோம். பழங்கதையையும் சரித்திரத்தையும் நாடிச் சென்ற காலம் அது. ஆயினும் வைத்தியலிங்கம் 'பாற்கஞ்சி' என்ற கதையிலே ஒரு கமக்காரக் குடும்பத்தின் ஏக்கத்தை எழுதினார். ஒரு கிண்ணம் கஞ்சி கதைத் தலைப்பாகும் தகுதி பெற்றது. 1946 ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்திலே 'மறுமலர்ச்சி' என்னும் சஞ்சிகை தோன்றிற்று. அதைச் சூழ்ந்து நின்ற இளைஞர் கூட்டம், நம் மண்ணின் மனிதரை நம் எழுத்திற் காண வேண்டும் என்ற வேட்கையை வளர்த்தது.

1954 ஆம் ஆண்டில் இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் உருவாகிய பின்னர் அவ்வேட்கை ஓர் இயக்கமாயிற்று. 1950 களின் இறுதியில் பேராசிரியர் க. கைலாசபதி தினகரனின் ஆசிரியராயிருந்தபோது, ஈழத்துப் புனைகதைக்குப் பத்திரிகைப் பக்கங்கள் தாராளமாகத் திறந்தன. மீன் பிடிப்பவர், மரமேறுபவர், சலவை செய்பவர், தேயிலை கொய்பவர் எல்லோரும் கதைக்குள் வந்தனர். தத்தம் பேச்சோடு வந்தனர் என்பதே அன்றைய தகராறு. கதைமாந்தர் பேசுகிற பேச்சை அச்சிலேற்றலாமா என்று பெரியதொரு விவாதம் 1960 களின் தொடக்கத்தில் எழுந்தது. அதனை இழிசனர் வழக்கு என்றனர் மரபுவாதிகள் சிலர். மக்களை ஏற்றுக்கொண்டு அவர்தம் வாய்மொழியை மட்டும் வாசலில் நிறுத்துவது எங்ஙனம் என்று கேட்டனர் எழுத்தாளர். காலம் எழுத்தாளர் பக்கமே தீர்ப்பளித்தது.

அக்காலக் கதைகளுள் மூன்றினை மட்டும் இங்கே நினைவூட்டுகிறோம்.

முதலாவது, என். கே. ரகுநாதனின் 'நிலவிலே பேசுவோம்'. அத்தலைப்பையே பெயராகக் கொண்ட தொகுதி 1962 இல் வெளிவந்தது. மேடையிலே சமத்துவம் பேசும் பெரியவர் ஒருவர். அவரைக் காண ஒடுக்கப்பட்ட சமூகத்தினர் சிலர் வீடு தேடி வருகின்றனர். அவர் அவர்களை வையவில்லை, விரட்டவில்லை. வீட்டினுள் அழையாமல், வெளியே நிலவொளியில் இருந்து பேசுவோம் என்று இனிமையாகக் கூறுகிறார். அத்துணை நயமான சொல்லுக்குள் எத்துணைக் கொடுமை! கத்தியுமில்லை, குருதியுமில்லை. அன்றாடம் நாம் வழங்கும் உபசார வார்த்தையொன்றே அங்கே குற்றவாளிக் கூண்டில் நிற்கின்றது. பெருநிகழ்ச்சிகளையே தேடியலையும் எழுத்தாளன் கண்ணில் இது பட்டிருக்குமா?

இரண்டாவது, டொமினிக் ஜீவாவின் 'தண்ணீரும் கண்ணீரும்'. இத்தொகுதி 1961 இல் இலங்கைச் சாகித்திய மண்டலப் பரிசைப் பெற்றது. அவர் யாழ்ப்பாணத்திலே முடிதிருத்தும் தொழில் செய்தவர். அதை மறைக்காது பெருமையோடு கூறியவர். 1966 இல் அவர் தொடங்கிய 'மல்லிகை' என்னும் மாசிகை, பின்னாளில் கொழும்புக்குக் குடிபெயர்ந்து, நானூறாவது இதழையும் கண்டது. சாதாரண மனிதரைப் பற்றி எழுதுவதற்கும், சாதாரண மனிதரே எழுதுவதற்கும் உள்ள வேற்றுமையை ஜீவா நமக்கு உணர்த்தினார். பரிசு பெற்ற எழுத்தாளரைப் பார்க்கச் சலூனுக்கு வர வேண்டியிருந்தது என்பதே அன்று ஒரு சமூகப் பாடம்.

மூன்றாவது, மலையகத்து என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து'. கொழுந்தை நிறுத்துப் பார்த்துக் கணக்குப்புத்தகத்தில் எழுதுவது தோட்டத்திலே நாள்தோறும் நடப்பது. அந்தத் தராசிலே ஒரு பெண்ணின் கைத்திறனும் தன்மானமும் சேர்ந்தே ஏறி நிற்பதை இராமையா கண்டார். தேயிலைத் தோட்டத்தைப் பற்றி எத்தனையோ அறிக்கைகள் இருக்கலாம். அந்தக் கூடையின் பாரத்தை நம் முதுகில் உணரச் செய்தது கதைதான்.

நம் அயலவரான சிங்கள மக்களின் இலக்கியத்திலும் இதே நிலையைக் காணலாம். மார்ட்டின் விக்கிரமசிங்க 1944 இல் எழுதிய 'கம்பெரலிய' என்னும் நாவல், தென்னிலங்கைக் கிராமத்துக் குடும்பமொன்று மெல்ல மெல்லத் தளர்வதைச் சொல்கின்றது. போரோ புரட்சியோ இல்லாமல், பழைய வீடொன்று பழுதாவதைக் கொண்டே ஒரு யுகம் மாறியதைக் காட்டிவிட்டார் அவர்.

கவிதையில் இப்பணியைச் செய்தவர்களுள் முதலிடம் மஹாகவிக்கு. அளவெட்டியிலே 1927 இல் பிறந்த து. உருத்திரமூர்த்தி என்னும் இப்பெருங்கவிஞர், அரசாங்க எழுதுவினைஞராகத் தொழில் தொடங்கி, நிருவாக சேவை அதிகாரியாக உயர்ந்தவர். அந்நாட்களில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அறையெடுத்துக் கூட்டாகச் சமைத்துண்டு, கந்தோருக்குப் போய்வந்து, மாத முடிவில் ஊருக்கு மணியோடர் அனுப்பிய எழுதுவினைஞர் கூட்டத்தை நேயர் பலர் அறிவர். யாழ்ப்பாணத்தின் பொருளாதாரமே மணியோடர்ப் பொருளாதாரம் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. 1956 இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி, விடுமுறைக்கு ஊர் திரும்பும் இக்கூட்டத்தைச் சுமந்தே பெயர் பெற்றது. காப்பியப் புலவன் எவனும் ஏறெடுத்துப் பாராத இவ்வகை மனிதரும், அவர்தம் ஊரிலே உழுது விதைத்துக் காத்திருந்த மனிதருமே மஹாகவியின் பாட்டுக்கு உரியவராயினர்.

அவரும் முருகையனும் நீலாவணனும் செய்யுளை விட்டுவிடவில்லை. பழைய யாப்பினுள்ளேயே பேச்சோசையைக் கொண்டுவந்தனர். வெண்பாவும் விருத்தமும் நாம் பேசுவதுபோலவே பேசத் தொடங்கின. மஹாகவியின் 'குறும்பா' 1966 இல் வெளிவந்தது. ஆங்கிலத்து லிமெரிக் என்னும் சிறு வேடிக்கைப் பாவினத்தைத் தமிழ் ஓசைக்கு இசைவித்து, ஐந்தடிகளுள் நம் போலித்தனங்களை நகையாடிய நூல் அது. கொழும்பு 13 இலே ஆதிருப்பள்ளித் தெருவிலிருந்து எம். ஏ. ரஹ்மான் நடத்திய அரசு வெளியீடு அதனை அச்சிட்டது. கொட்டாஞ்சேனைப் பக்கத்தின் கடைவரிசைகளிடையே இத்தகைய நூல்கள் பிறந்தன என்பதை இன்று அவ்வழியே செல்வோரில் எத்தனை பேர் அறிவர்?

மஹாகவி 1971 ஆம் ஆண்டு ஜூன் மாதம் தம் நாற்பத்து நான்காம் வயதில் காலமானார். அவ்வாண்டிலேயே வெளிவந்த அவருடைய நெடுங்கவிதையின் பெயர் 'ஒரு சாதாரண மனிதனது சரித்திரம்'. இத்தலைப்பை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். சரித்திரம் என்ற சொல் அதுவரை யாருக்குச் சொந்தமாயிருந்தது? அரசருக்கும் தளபதிக்கும் அல்லவா? அச்சொல்லைப் பறித்துப் பெயரற்ற மனிதனுக்குச் சூட்டியமையே அக்கவிஞர் செய்த பெருஞ்செயல். பெயர் சுட்டாத அகப்பாட்டின் தலைவன் ஈராயிரம் ஆண்டுகள் கழித்துச் சரித்திர நாயகனானான்.

ஆனால், வழக்கு இத்துடன் முடிந்துவிடவில்லை. இதற்குப் பின்னர் நிகழ்ந்ததே நம் நெஞ்சை அறுப்பது.

மஹாகவியின் மகன் சேரனும் கவிஞர். மகள் ஔவையும் கவிஞர். 1981 ஆம் ஆண்டு மே மாத இறுதி நாளின் இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. சேரனின் முதல் தொகுதி 'இரண்டாவது சூரிய உதயம்' 1983 இல் வெளியாயிற்று. தலைப்பிலுள்ள அந்த இரண்டாவது உதயம் தீயின் வெளிச்சம். தந்தை சாதாரண நாளைப் பாடினார். அந்தச் சாதாரண நாள் இல்லாமற்போனதை மகன் பாட நேர்ந்தது. ஒரே குடும்பத்தில், ஒரே தலைமுறை இடைவெளியில், நம் கவிதை கடந்த தூரம் அது.

அதன்பின் போர்க்காலம். 1986 இல் யாழ்ப்பாணத்தில் வெளிவந்த 'சொல்லாத சேதிகள்' என்னும் பெண் கவிஞர் தொகுதி, வீட்டினுள்ளே அடைபட்டுக் கிடந்த சொற்களை வெளியே கொணர்ந்தது. அக்காலத்துக் கவிதைகளையும் கதைகளையும் படிக்கும்போது எம்மைத் தாக்குவன குண்டோசைகள் மட்டுமல்ல. அவற்றினிடையே எங்கோ ஒரு மூலையில் எட்டிப் பார்க்கும் சாதாரணங்கள். பாதியில் விட்ட சமையல், கொடியிற் காய்ந்த துணி, வராத பஸ். 1990 இல் வடக்குக்கான புகையிரதம் நின்றது. மீண்டும் அது யாழ்ப்பாணத்தை அடைந்தது 2014 இல். இடைப்பட்ட 24 ஆண்டுகளில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு, இரயிலேறி ஊருக்குப் போவது என்பது பெரியோர் சொல்லும் கதையாகவே இருந்தது.

நாம் கூற வந்த கருத்து இதுவே. பெருநிகழ்ச்சிகள் எப்படியேனும் எழுதப்பட்டுவிடும். அவற்றுக்கு ஆணைக்குழு உண்டு, பத்திரிகை உண்டு, சரித்திரப் பேராசிரியர் உண்டு. எழுதப்படாமற் போவது, அந்நிகழ்ச்சிக்கு முந்திய நாள் காலையில் அவ்வீட்டார் என்ன உண்டனர், என்ன சொல்லிச் சிரித்தனர் என்பதுதான். கலகம் வந்தால் முதலில் அழிவதும் அதுவே. பிறகு எவராலும் மீட்டுத் தர இயலாததும் அதுவே. சாதாரண வாழ்வைக் கவிதையாகவும் கதையாகவும் எழுதுவோர் ஏதோ சிறு பொருளைப் பாடுகிறார்கள் என்று எண்ணாதீர்கள். நம்போன்ற மக்களுக்கு அது காப்புறுதிப் பத்திரத்தைப் போன்றது.

இவ்வளவும் கூறியதால், சாதாரணத்தைப் பற்றி எழுதப்படுவதெல்லாம் சிறந்தது என்று நாம் சொல்வதாக நேயர்கள் கொள்ளலாகாது. எம் பார்வைக்கு வரும் பல ஆக்கங்களில் இரண்டு குறைகளைக் காண்கிறோம். ஒன்று, வசனத்தை நான்காக முறித்து ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினாற் கவிதையாகிவிடும் என்ற நம்பிக்கை. முறித்த வசனத்தை மறுபடி சேர்த்து எழுதிப் பாருங்கள். எதுவும் குறையவில்லையாயின் அது வசனமே. மற்றது, இதனினும் பெரிய குறை. காட்சியைக் காட்டி முடித்தபின், அதன் பொருளை இரண்டு வரியில் விளக்கிப் போதிப்பது. வாசகரை நம்பாத எழுத்தாளரே இப்படிச் செய்வர்.

ருஷ்ய எழுத்தாளர் அந்தோன் செக்கோவ் 1886 இல் ஒரு கதை எழுதினார். மகனைப் பறிகொடுத்த குதிரைவண்டிக்காரன் ஒருவன், தன் துயரத்தைச் சவாரிக்கு வருவோரிடம் சொல்ல முயல்கிறான். கேட்பாரில்லை. இரவு லாயத்துக்குத் திரும்பித் தன் குதிரையிடம் எல்லாவற்றையும் சொல்கிறான். கதை முடிந்தது. மனிதர் மனிதருக்கு இரங்க வேண்டும் என்று செக்கோவ் அங்கே எழுதவில்லை. எழுதியிருந்தால், நாம் தலையாட்டிவிட்டு மறந்திருப்போம். வைக்கோலை மென்றுகொண்டு நிற்கும் குதிரையை நம்மால் மறக்க இயலவில்லை.

மீண்டும் கொள்ளுப்பிட்டிக்கு வருவோம்.

அம்மையார் காட்டிய கவிதைகளுள் ஒன்று எம்மை நிறுத்திற்று. ஒருநாள் மின்சாரம் நின்றுவிட, லிப்ட் இயங்கவில்லை. சந்தையிலிருந்து திரும்பிய மாமியும் மருமகளும் ஆறு மாடிகளையும் படியேறிக் கடக்கின்றனர். நான்காம் மாடியில் மாமி மூச்சு வாங்கப் படியிலேயே உட்கார்ந்துவிடுகிறார். மடியிலே முருங்கைக்காய்ப் பை. இவ்வளவும் தெளிவாக வந்திருந்தது. ஆனால் கடைசி இரண்டு வரிகளில், வாழ்க்கை ஓர் ஏணி என்றும், ஏறுவோர் இளைப்பாறத்தான் வேண்டும் என்றும் உபதேசம் வந்துவிட்டது.

"அந்த இரண்டு வரியும் வேண்டாமே. படியில் இருந்த மாமி அப்போது ஏதும் சொல்லவில்லையா?" என்று கேட்டோம்.

அம்மையார் சிரித்தார். "சொன்னவதான். எங்கட ஊர் வீட்டுக்கு மூண்டு படிதான் எண்டு சொன்னவ. அது சும்மா சொன்ன கதையெல்லே, அதை விட்டிட்டன்."

நாம் சற்று நேரம் பேசவில்லை. மூன்று படிகள்! முற்றத்திலிருந்து விறாந்தைக்கு ஏறும் மூன்று படிகள். நான்காம் மாடியில் மூச்சு வாங்க அமர்ந்த ஒரு முதியவரின் நினைவில் அவை எழுகின்றன. ஊரும், இடப்பெயர்வும், முதுமையும், இந்நகரத்து வாழ்வும் அத்தனையும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிட்டன. கவிதை தாமாக வந்து வாசலில் நின்றிருக்கின்றது. சும்மா சொன்ன கதை என்று அதை வெளியே விட்டுவிட்டு, எங்கிருந்தோ ஏணியைக் கொண்டுவந்து சாத்தியிருக்கிறார் எம் அம்மையார்! இதைக் கூறியபோது அவர் உடனே பேனையை எடுத்து அந்த இரண்டு வரிகளையும் வெட்டினார். மூன்று படிகளையும் எழுதினார். சாதாரண வாழ்வை எழுத விரும்பும் எல்லோருக்கும் இதற்கு மேல் எம்மிடம் அறிவுரை இல்லை. சும்மா சொன்னதாக நாம் தள்ளிவிடும் சொல்லை ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

இவ்வளவு நேரமும் பேசாதிருந்த மாமியார் அப்போது மெல்லச் சொன்னார்: "தம்பி, இவரின்ர தகப்பன் ஒவ்வொரு நாளும் இரவு படுக்கமுந்தி வீட்டுக் கணக்கு எழுதுவார். கலியாணங் கட்டின நாள் தொடக்கம் ஒரு நாளும் விட்டதில்லை. என்ன மீன் வாங்கினது, என்ன விலை, ஆர் வந்து சாப்பிட்டது, எல்லாம் அதில கிடந்தது. எண்பத்து மூண்டில வெள்ளவத்தை வீடு எரிஞ்சபோது எல்லாங் கொப்பியளும் போட்டுது. அலுமாரி போனது, தையல் மெசின் போனது. அதுகளைப் பிறகு வாங்கினம். அந்தக் கொப்பியளை எங்க வாங்கிறது?"

விடியுது, சமைக்கிறம், சாப்பிடுறம், படுக்கிறம் என்று சற்று முன்னர் சொன்ன அதே வாய். அவ்வாழ்வில் எழுதுவதற்கு ஒன்றுமில்லை என்றவர், அதை எழுதிவைத்த கொப்பிகளுக்காக நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஏங்கியிருக்கிறார்! மருமகளின் வினாவுக்கு மாமியாரே விடையளித்துவிட்டார். எமக்கு வேலையில்லாமற் போயிற்று.

இப்பகுதியைப் படிக்கும் இல்லத்தரசியரும் இளைஞரும் இனி இரண்டு காரியங்களைச் செய்தல் வேண்டுமென்பது எம் ஆசை. முதலாவது, படித்தல். 1942 இல் தொடங்கப்பட்டு, இன்று வெள்ளவத்தையில் பணியாற்றிவரும் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகத்தில் நம் எழுத்தாளரின் நூல்களைத் தேடிப் பாருங்கள். வீட்டைவிட்டு வெளியே செல்ல இயலாதவர்களுக்கு, ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் மின்வடிவிற் சேர்த்துவரும் 'நூலகம்' என்னும் இணைய நூலகம் இருக்கின்றது. எரிந்துபோனவற்றை நினைத்து அழுவதோடு நில்லாமல், எஞ்சியவற்றைச் சேர்த்துவைக்கும் நற்பணி அது.

இரண்டாவது, எழுதுதல். கவிதை வரவில்லையா? கவலை வேண்டாம். கணக்கையாவது எழுதுங்கள். இன்று என்ன மீன் வாங்கினீர்கள், விலை என்ன, யார் வந்து சாப்பிட்டார்கள், போகும்போது என்ன சொன்னார்கள் என்று எழுதிவையுங்கள். தேதியை மட்டும் மறவாதீர்கள். பின்னட்டைப் பக்கம் எப்போதும் வெறுமையாகத்தான் இருக்கும். என்றாவது ஒருநாள் கொப்பியைத் தலைகீழாகத் திருப்பத் தோன்றும்.

நாம் விடைபெற்று எழுந்தபோது லிப்ட் சரியாக இயங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆயினும் படிகளின் வழியாகவே இறங்கி வந்தோம். நான்காம் மாடியில், மாமியார் அமர்ந்த படி எதுவாக இருக்கும் என்று ஒரு கணம் நின்று பார்த்தோம். எல்லாப் படிகளும் ஒன்றுபோலவே இருந்தன.